வேர்க்காத பிள்ளைக்கு ஒரு கூடாரம்

என் மகளுக்கு வேர்க்காது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் "குடுத்துவச்ச பிள்ளை" என்பார்கள். சித்திரை மாதத்தில் சட்டையைப் பிழிந்து காயப்போடும் நிலையில் இருப்பவர்கள் அப்படிச் சொல்வதில் தப்பில்லை. ஆனால் விஷயம் அதுவல்ல. பிறவியிலேயே அவள் தோலில் வியர்வைச் சுரப்பிகள் சரியாக அமையவில்லை. வெயிலில் நின்றால் நமக்கு உடம்பு நனைந்து தானாகக் குளிர்ந்துகொள்ளும். அவளுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. சூடு ஏறும், இறங்காது. கைக்குழந்தையாக இருந்தபோது காரணம் தெரியாத காய்ச்சல் என்று ஆறு மாதம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தோம். கடைசியில் மதுரையில் ஒரு பெண் மருத்துவர், அவளுடைய மெல்லிய முடியையும் பல் முளைக்காத ஈறையும் பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளைக்கு வேர்த்து நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பார்த்ததில்லை. இதற்கு மருந்து கிடையாது, எப்போதும் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

குளிர்ச்சியாக வைத்துக்கொள்வது என் தொழில். சின்னமனூர்ப் பக்கம் ஒரு குளிர்பதனக் கிடங்கில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். ஒரு அறையில் பன்னீர் திராட்சை, இன்னொன்றில் வாழை. எதை எத்தனை டிகிரியில் வைத்தால் எத்தனை நாள் தாங்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கதவைத் திறந்துபோட்டுப் பேசினால் நான் முதலாளியையே வெளியே தள்ளிவிடுவேன் என்று கிடங்கில் ஒரு கேலி உண்டு. தள்ளியதில்லை. ஒருமுறை அதட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். ஒரு ஆள் உள்ளே சும்மா நின்றாலே நூறு வாட் பல்பு ஒன்று எரிவதற்குச் சமம். இது தெரியாமல் நாலு பேர் திராட்சைப் பெட்டிமேல் சாய்ந்துகொண்டு ஊர்க்கதை பேசினால் எனக்குக் கோபம் வரும். பொதுவாகவே எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும்.

வீட்டில் மகளின் அறைக்கு ஏசி போட்டோம். பள்ளிக்கூடத்துக்கு நனைத்த பனியனும் தண்ணீர் பீய்ச்சும் பாட்டிலும் கொடுத்து அனுப்புவோம். லீவு விட்டால் மூணாறு, இல்லாவிட்டால் மேகமலை. அவள் வெயிலில் போகாத இடங்கள் எத்தனையோ உண்டு. அதிலெல்லாம் அவளுக்குப் பெரிய ஏக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. விடாமல் கேட்டது ஒன்றைத்தான். வீரபாண்டித் திருவிழா.

என் அக்காவை மார்க்கையன்கோட்டையில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்பேன். அவருடைய தம்பிக்கு வீரபாண்டியில் ஆற்றை ஒட்டி ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. வருடா வருடம் திருவிழா சமயத்தில் இரண்டு நாள் அக்கா குடும்பம் அங்கே அடுப்புக் கூட்டிச் சமைத்துத் தங்கும். சொந்தக்காரப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் இருக்கும். ராட்டினத்தில் யார் வாந்தி எடுத்தாள், ஆற்றில் யார் செருப்பை விட்டாள் என்று பள்ளிக்கூடம் திறக்கும்வரை அதே பேச்சுத்தான். என் மகள் அதையெல்லாம் செல்போனில் வீடியோவாகப் பார்த்துவிட்டு, தானும் கூட இருந்ததுபோல் தோழிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் அதை நான் காதால் கேட்டுவிட்டேன். அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை.

போன வருடம் அக்காவே வந்து உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருடம் வீரபாண்டி அம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக அவள் நேர்ந்திருந்தாள். என் மகளுக்கு வேர்க்க வேண்டும் என்பதுதான் வேண்டுதல். எரிகிற சட்டியை வேப்பிலை வைத்துக் கையில் ஏந்திக்கொண்டு, ஆற்றங்கரையிலிருந்து கோயில்வரை வெறுங்காலில் நடப்பது. அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது, முழங்கால் வலி வேறு. சுரப்பியே இல்லாத தோலில் வியர்வை எங்கிருந்து வரும் என்று நான் இரண்டு தடவை விளக்கிச் சொல்லியிருக்கிறேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "சரிலே, நீ ஒன் வேலயப் பாரு, நான் என் வேலயப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டாள்.

"இந்த வருசம் மூணாவது சட்டி" என்றாள் அன்றைக்கு. "பிள்ளையக் கூட்டிட்டு வா. அவ இல்லாம நான் யாருக்குத் திருநீறு பூசுறது? செவுத்துக்கா?"

மகள் கதவோரம் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நாள் டயம் கொடு என்று அக்காவிடம் சொன்னேன்.

மேகமலைக்குப் போவதற்காக வாங்கிய ஆறு பேர் கூடாரம் ஒன்று பரணில் கிடந்தது. சக்கரம் வைத்த, உருட்டிக்கொண்டு போகக்கூடிய ஏசி ஒன்றை வரவழைத்தேன். இடுப்பளவு உயரம், பின்னால் யானைத் துதிக்கை கனத்தில் ஒரு குழாய். சூடான காற்றை அந்தக் குழாய் வழியாக வெளியே தள்ள வேண்டும். மொட்டைமாடியில் கூடாரத்தைக் கட்டி, பெட்டியை உள்ளே வைத்து, குழாயை ஜன்னல் வழியாக வெளியே விட்டு ஓட்டிப் பார்த்தேன். கூடாரத்தின் நான்கு பக்கத் துணியும் உள்பக்கமாகக் குழிந்து பெட்டிமேல் ஒட்டியது. அரை மணி நேரம் கழித்து உள்ளே முப்பத்தைந்து டிகிரி. மனைவி எட்டிப் பார்த்து, "இதுக்கு வெளிய ஒக்காந்தா காத்தாச்சும் வரும்" என்றாள்.

எனக்கு உறைத்தது. பெட்டி கூடாரத்துக் காற்றையே எடுத்துச் சூடாக்கி வெளியே தள்ளுகிறது. தள்ளிய இடத்தை நிரப்ப ஜிப்பின் ஒவ்வொரு பல்லிடுக்கிலும் வெளி வெக்கை உள்ளே வருகிறது. பதினெட்டு வருடம் கோல்ட் ரூம் பார்த்தவன், சூடு தள்ளும் இயந்திரத்தை அறைக்குள்ளேயே வைத்துவிட்டேன். மனைவியிடம் இதைச் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தேன். குளிர்காற்றை ஒரு குழாயில் உள்ளே விட்டு, உள்காற்றை இன்னொரு குழாயில் பெட்டிக்கே திரும்பக் கொண்டுவந்தேன். கூடாரத்துக்கு மேலே ஒரு முழம் இடைவெளி விட்டுப் பச்சை நிழல்வலை கட்டினேன். தரைச் சூடு ஏறாமலிருக்கக் கிடங்கிலிருந்து தெர்மோகோல் அட்டைகளைக் கொண்டுவந்து பரப்பினேன். அடுத்த நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு, மாடித் தரையில் கால் வைக்க முடியாத வெயிலில், உள்ளே இருபத்தைந்து டிகிரி. மகள் உள்ளே படுத்து ஒரு முழு மணி நேரம் படம் வரைந்தாள். நான் சத்தியமாக ஒரு குதி குதித்தேன்.

திருவிழாவுக்கு முதல் நாளே தோப்பில் எல்லாவற்றையும் கட்டி முடித்தேன். மோட்டார் ரூமிலிருந்து கரண்ட் எடுத்துக்கொள்ளலாம் என்றார் மாமா. அந்த வோல்டேஜை நம்பி என் பிள்ளையை உள்ளே வைக்க எனக்குத் தைரியமில்லை. தெரிந்த ரேடியோ செட்காரரிடம் ஜெனரேட்டர் சொல்லி வாங்கி வந்து, முப்பதடி தள்ளிக் காற்றுப்போக்கில் நிறுத்தினேன். திராட்சை அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, "ஒரு நேரத்தில் மூன்று பேர் மட்டும். ஜிப்பை உடனே மூடவும்" என்று எழுதி வாசலில் தொங்கவிட்டேன். மாமா அதை உரக்க வாசித்துவிட்டு, "செருப்பக் கழட்டணுமா, டோக்கன் எதுவும் உண்டா மாப்ள?" என்று கேட்டார். அடுப்புப் பக்கம் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அட்டையை மட்டும் எடுக்கவில்லை.

காலையில் மகளை நனைத்த பனியனோடு காரில் கொண்டுவந்து இறக்கினோம். பத்து மணிவரை தென்னை நிழலில் ஓடிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியதும் கூடாரத்துக்குள் போனாள். அக்காவின் பேத்திகள் இரண்டு பேர் கூடப் போனார்கள். மூன்று பேர், கணக்குச் சரி. உள்ளே தாயக்கட்டை உருளும் சத்தமும் சிரிப்பும் கேட்டது. நான் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, தெர்மாமீட்டர் வயரை ஜிப் ஓரமாக விட்டு, வெளியிலிருந்தே டிகிரி பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து, இருபத்தைந்து, இருபத்தாறு. இவ்வளவு நிம்மதியாக நான் எந்தத் திருவிழாவிலும் உட்கார்ந்ததில்லை.

நான் கணக்கில் எடுக்காத ஒன்று இருந்தது. எங்கள் சனத்தில் சொந்தக்காரர்கள் கூடியிருக்கும் இடத்தில் யாரும் கதவைச் சாத்திக்கொள்ள மாட்டார்கள். சாத்தினால் உள்ளே இருப்பவருக்கு வருத்தம், அல்லது வெளியே இருப்பவர்மேல் கோபம், இரண்டில் ஒன்று என்று அர்த்தம். எனவே வந்தவர்கள் எல்லோரும் திறந்து எட்டிப் பார்த்து, "என்னாத்தா, சௌக்கியமா?" என்று பிள்ளையை விசாரித்தார்கள். விசாரித்தவர்கள் உள்ளே காலை நீட்டி உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள், "ஏ, இங்கன வாங்க, குளுகுளுன்னு இருக்கு" என்று அடுத்தவர்களைக் கூப்பிட்டார்கள். யாரும் அலட்சியமாகச் செய்யவில்லை. பிள்ளை தனியாக இருக்கிறதே என்ற பாசத்தில்தான் செய்தார்கள். ஜிப்பை மூடிவிட்டு உட்காருவது மரியாதையில்லை என்று நினைத்துப் பாதி திறந்தே விட்டார்கள்.

நான் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றப் போயிருந்த நேரத்தில்தான் இது நடந்தது. திரும்பி வந்து பார்த்தபோது உள்ளே ஒன்பது பேர். முப்பத்திரண்டு டிகிரி. மகள் மூலையில் உட்கார்ந்திருந்தாள், கன்னம் இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தது. விளையாட்டை விட்டுப் போக மனமில்லாமல் அவள் யாரிடமும் சொல்லவில்லை. அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தேன். நூற்றொன்றைத் தாண்டியிருந்தது.

பயம் வந்தால் எனக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும். "எல்லாரும் வெளிய போங்க" என்று கத்தினேன். "வாசல்ல எழுதிப் போட்டது கண்ணு தெரியலயா? பிள்ளையக் கொல்றதுக்கா வந்தீக?" பெரியவர், சிறியவர் என்று பார்க்கவில்லை. ஒவ்வொருவராகக் குனிந்து வெளியே போனார்கள். அக்காவின் சின்னப் பேத்தி தாயக்கட்டையைக் கையில் பிடித்தபடி அழுதுகொண்டே போனாள். மனைவி மகள்மேல் தண்ணீரைப் பீய்ச்சித் துடைத்தாள். பிறகு மனைவியையும் வெளியே வரச் சொல்லி ஜிப்பை மூடினேன். நாற்காலியை வாசலுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். இருபது நிமிடத்தில் இருபத்தைந்து டிகிரி வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளே கையை விட்டுப் பிள்ளையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இறங்கியிருந்தது. எல்லோரும் தள்ளிப்போய் அடுப்படியில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசட்டும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் மேளச் சத்தம் தோப்புப் பக்கம் வந்தது. தீச்சட்டியைக் கோயிலில் இறக்கிவிட்டு அக்கா திரும்பிக்கொண்டிருந்தாள். மஞ்சள் சேலை, கழுத்தில் வேப்பிலை மாலை, நெற்றி முழுக்கத் திருநீறு. தீச்சட்டி எடுத்து வருபவர்கள்மேல் வழி நெடுக வீட்டுக்கு வீடு குடத்துத் தண்ணீரை ஊற்றுவார்கள். முன்பின் தெரியாதவர்கள்கூட ஊற்றுவார்கள். அதனால் அக்கா தலையிலிருந்து கால்வரை நனைந்து, நடந்த இடமெல்லாம் தண்ணீர் சொட்ட வந்தாள். காலை ஊன்ற முடியாமல் பாதத்தின் ஓரத்தில் நடந்தாள். யாரையும் பார்க்காமல் நேராகக் கூடாரத்துக்கு வந்து, முந்தானை முடிச்சிலிருந்து திருநீற்றை எடுத்தாள்.

"தெற" என்றாள்.

"இப்ப முடியாதுக்கா. இப்பத்தான் காய்ச்சல் எறங்கியிருக்கு. அர மணி நேரம் போகட்டும்."

"பூசிட்டுப் போயிர்றேன்லே. ஒரு நிமிசம்."

"ஒவ்வொருத்தரும் ஒரு நிமிசம்னுதான் உள்ள போனாக."

மனைவி ஓடி வந்தாள். "என்னங்க, மதினி நிக்கிறாக. சட்டி எடுத்துட்டு வந்தவுகள வாசல்ல நிக்க வைக்கலாமா? எந்திரிங்க."

நான் எழுந்திருக்கவில்லை. "யாரா இருந்தாலும் தெறக்க மாட்டேன்" என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததுதான். காப்புக் கட்டி விரதம் இருந்து நெருப்பைச் சுமந்து வந்தவளை எங்கள் பக்கம் யாரும் மனுஷியாகவே பார்க்க மாட்டார்கள், அம்மனாகத்தான் பார்ப்பார்கள். அவளைப் பார்த்து நான் அதைச் சொன்னேன். மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அக்கா திருநீற்றைக் கையில் மூடிக்கொண்டு, வெயிலில், அந்தப் புண்பட்ட காலோடு அப்படியே நின்றாள். அரை மணி நேரமும் அங்கேயே நிற்பதாக முடிவு செய்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. எழுந்து திறக்கத்தான் தோன்றியது. இவ்வளவு பேர் பார்க்க எப்படி எழுவது என்று தெரியாமல் தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பின்னால் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. மகள் நாற்காலிக்கும் துணிக்கும் நடுவே நெளிந்து வெளியே வந்தாள். "உள்ள போ" என்றேன். அவள் போகவில்லை.

"இதுக்கு நான் வீட்டுலயே இருந்திருப்பேன்லப்பா" என்றாள். "எல்லாரையும் வெரட்டி விட்டுட்டு என்னய மட்டும் உள்ள வச்சுப் பூட்டுனா, நான் என்ன திராட்சையா?"

யாரும் சிரிக்கவில்லை. அவள் வெறுங்காலோடு வெயிலில் ஐந்தாறு எட்டு வைத்து அக்காவிடம் போய்விட்டாள். போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அக்கா ஈர முந்தானையை இழுத்துப் பிள்ளையின் தலை, முதுகு எல்லாவற்றையும் மூடி, நிழலுக்கு நகர்த்திக் கொண்டுபோனாள். எத்தனையோ வீட்டுக் குடத்துத் தண்ணீர் அந்தச் சேலையில் இருந்தது. மகள் அதற்குள்ளிருந்து, "அத்தை ஜில்லுன்னு இருக்காக" என்றாள். பக்கத்தில் போய் அவள் முதுகைத் தொட்டேன். தொட்ட கைக்கு என் கூடாரத்தைவிடக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. தூசி விழுந்ததுபோல் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றேன்.

அக்கா முந்தானையை விலக்கித் திருநீறு பூசக் குனிந்தவள், பிள்ளையின் நெற்றியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். முடி தொடங்கும் இடத்தில் வரிசையாக நீர்முத்துகள். மூக்கு நுனியிலும் ஒன்று. "வேர்த்திருச்சு" என்றாள், சத்தமே இல்லாமல். பிறகு தோப்பே கேட்கும்படி, "ஆத்தா! எம்பிள்ளைக்கு வேர்த்திருச்சு!" என்றாள். அடுப்படியில் இருந்தவர்கள் எல்லோரும் ஓடி வந்தார்கள். யாரோ குலவை போட்டார்கள். அது அக்காவின் கூந்தலிலிருந்து சொட்டிய தண்ணீர் என்று எனக்குத் தெரியும். என் வாழ்க்கையில் ஒரு தப்பான கணக்கைத் திருத்தாமல் நான் நின்றது அன்றைக்குத்தான்.

மகள்தான் சொன்னாள். கையால் நெற்றியைத் தடவிப் பார்த்துவிட்டு, அண்ணாந்து பார்த்து, "அது ஒங்க தலையில இருந்து விழுகுற தண்ணி அத்தை" என்றாள். "எனக்கு வேர்க்கல."

குலவை நின்றது. அக்கா பிள்ளையின் முகத்தையே பார்த்தாள். மூன்று வருடம் சுமந்ததற்கு அம்மன் கொடுத்த பதில் இதுதானா என்று அவள் கேட்டிருக்கலாம். மனம் உடைந்து உட்கார்ந்திருக்கலாம். அவள் திருநீற்றை எடுத்து அந்த ஈர நெற்றியில் அழுத்திப் பூசினாள்.

"இருக்கட்டும்டி" என்றாள். "எனக்கு வேர்க்குறது நம்ம ரெண்டு பேருக்கும் போதும்."

பூசி முடித்து, பிள்ளையை முந்தானைக்குள் வைத்தபடியே நொண்டி நொண்டிக் கூடாரத்துப் பக்கம் வந்தாள். அவளுக்குப் பின்னால் பேத்திகள் இரண்டு பேரும் வந்தார்கள், சின்னவள் கையில் இன்னும் தாயக்கட்டை. நான் ஜிப்பை முழுக்கத் திறந்து துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "உள்ள வாக்கா" என்றேன்.

அக்கா என்னைப் பார்க்காமல், வாசலுக்குக் குறுக்கே கிடந்த நாற்காலியைப் பார்த்தாள்.

"மொதல்ல நீ வழிய விடு" என்றாள்.

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனேன்.